‘கடத்தல்’ என்னும் சொல்லும் சட்ட ஆய்வின் எல்லையும்: சவ்வாது மலைத் தொழிலாளர்களை முன்வைத்து

முன்னுரை

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் வனப்பகுதியில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பலர் சவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர். இந்நிகழ்வு பொதுவாக இரண்டு கோணங்களில் வாசிக்கப்படுகிறது. ஒன்று, அரிய மரவளத்தைச் சூறையாடும் வனக்குற்றம் என்னும் கோணம். மற்றொன்று, காவல்துறை மோதல் கொலை என்னும் மனித உரிமைக் கோணம். முதலாவது தொழிலாளரைக் குற்றவாளியாகக் காண்கிறது. இரண்டாவது அவரைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவராகக் காண்கிறது. அவர் எவ்வாறு, யாரால், என்ன முன்பணத்தின்பேரில் அந்த வனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்னும் வினா இரண்டிலும் பின்தள்ளப்படுகிறது. அவ்வினாவை மனித வணிகம், கொத்தடிமை ஆகிய சட்டக் கருத்தாக்கங்களுக்குள் எழுப்பாதது நமது சட்ட ஆய்வின் குறைபாடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொல்லில் தொடங்கும் சிக்கல்

ஆங்கிலச் சட்டமொழியில் ‘கிட்னாப்பிங்’, ‘ஸ்மக்லிங்’, ‘டிராஃபிக்கிங்’ என்பன மூன்று வேறு குற்றங்கள். தமிழில் இவை மூன்றும் ‘கடத்தல்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடைபடுகின்றன. குழந்தை கடத்தல், செம்மரக் கடத்தல், மனிதக் கடத்தல் என அடைமொழிகளே வேறுபாட்டைச் சுட்டுகின்றன. ‘கட’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல் இடப்பெயர்வையே முதன்மைப்படுத்துகிறது. ஆனால், மனித வணிகக் குற்றத்தின் உயிர்க்கூறு இடப்பெயர்வு அன்று, சுரண்டும் நோக்கமே. அரசமைப்பின் 23ஆம் உறுப்பினது ஆங்கில வாசகமும் ‘டிராஃபிக்’ என்னும் வணிகப் பொருண்மை கொண்ட சொல்லையே ஆள்கிறது. அதனுடன் ‘பேகார்’ என்னும் கூலியற்ற கட்டாய உழைப்பையும் சேர்த்தே தடை செய்கிறது.

இதன் விளைவு வெறும் மொழியளவில் நிற்பதில்லை. நாட்கூலிக்கு மரம் வெட்டியவர் செய்திகளிலும் பேச்சிலும் ‘செம்மரக் கடத்தல்காரர்’ ஆகிறார். அவரே ‘கடத்தப்பட்டவர்’ஆகவும் இருக்கலாம் என்று சொல்ல முற்படும்போது அதே சொல் முரணாக ஒலிக்கிறது. ஒருவரைக் குறித்து எழும் முதல் வினாவைச் சொல்லே முடிவு செய்துவிடுவதால், ஆய்வுத் தமிழில் ‘மனித வணிகம்’ என்னும் ஆட்சியை நிலைப்படுத்துவது தேவையாகிறது.

சட்ட வாசகத்தின் இடைவெளிகள்

மனித வணிகம் குறித்த ஐக்கிய நாடுகளின் பலெர்மோ நெறிமுறை 2000ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. இந்தியா 2011இல் அதனை உறுதி செய்தது. அதன் 3ஆம் உறுப்பு செயல், வழிமுறை, நோக்கம் என்னும் மூன்று கூறுகளால் குற்றத்தை வரையறுக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு 2013இல் அதனைப் பின்பற்றித் திருத்தப்பட்டது. எனினும் இரண்டு விடுபடல்கள் கவனத்திற்குரியவை.

முதலாவது, நெறிமுறை கூறும் ‘வலுவற்ற நிலையைத் தவறாகப் பயன்படுத்துதல்’ என்னும் வழிமுறை இந்தியப் பிரிவில் இல்லை; ‘அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல்’ மட்டுமே உள்ளது. மலைவாழ் உழவரின் வறட்சிக்காலக் கடனை அறிந்து முன்பணம் நீட்டும் இடைத்தரகர், அதிகாரத்தைக் காட்டிலும் அந்த வலுவற்ற நிலையையே பயன்படுத்துகிறார். இரண்டாவது, 2013 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தில் இடம்பெற்றிருந்த ‘கட்டாய உழைப்பு’ என்னும் தொடர், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் நீங்கி, ‘உடல்சார் சுரண்டல்’ என்னும் தெளிவற்ற தொடர் அவ்விடத்தைப் பெற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, சுரண்டலின் பட்டியலில் பிச்சையெடுக்க வைத்தலைச் சேர்த்தது. கட்டாய உழைப்பை மீண்டும் சேர்க்கவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பத்தக்க தீர்ப்புகள் இல்லாமலில்லை. மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் (1982) வழக்கில் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் ‘கட்டாயம்’ ஆகும் என விளக்கியது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கு, கட்டாய உழைப்பு நிறுவப்பட்டால் அது முன்பணத்தின் பொருட்டே என ஊகிக்கலாம் என்றும், மறுத்து நிறுவும் பொறுப்பு வேலை வாங்கியவருடையது என்றும் வகுத்தது. இத்தீர்ப்புகள் கல்குவாரி, கட்டுமானத் தொழிலாளர்களின் சூழலில் எழுந்தவை. அவற்றின் தருக்கத்தைச் சட்டவிரோதத் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டவருக்கும் நீட்டிக்க இயலுமா என்பதே ஆய்வு எதிர்கொள்ள வேண்டிய கடினமான வினா.

சட்டவிரோத உழைப்பும் பாதுகாப்பும்

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரையும் பதிவுபெற்ற நிறுவனத்தையும் முன்னிறுத்தியது. அதன் இடத்தைப் பெற்ற 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே அடித்தளத்தில் நிற்கிறது. மேலும், பழைய சட்டம் ஐந்து தொழிலாளர் என வைத்த வரம்பைப் பத்தாக உயர்த்தி, இடப்பெயர்வுப்படியையும் கைவிட்டது. செம்மரம் வெட்ட ஆள்சேர்ப்பவர் உரிமம் பெறுவதில்லை. ஆகவே அவரால் சேர்க்கப்படுபவர் இச்சட்டங்களின் பார்வைக்கே வருவதில்லை. மிகக் கொடிய சுரண்டல் நிகழும் இடமே சட்டப் பாதுகாப்பு எட்டாத இடமாக அமைந்துவிடுகிறது.

உலகளவில் இச்சிக்கலுக்கு விடைகள் தேடப்பட்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஆணை, குற்றச் செயல்களில் ஈடுபடுத்திச் சுரண்டுவதையும் மனித வணிகமாகவே கொள்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை, கட்டாயத்தின் நேர்விளைவாகக் குற்றம் புரிய நேர்ந்தவர்மீது வழக்குத் தொடராதிருக்க இடமளிக்குமாறு கோருகிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதனை எதிர்வாதமாகவே ஏற்கிறது. இந்தியாவிலோ, அச்சுறுத்தலின்கீழ் செய்த குற்றத்திற்கான பொது விலக்கு, உடனடி மரண அச்சம் இருந்தால் மட்டுமே பொருந்தும். கடன் என்னும் அச்சுறுத்தல் அதற்குள் அடங்காது.

இங்கு ஒரு மறுப்பு எழும்: கூலி அதிகம் என்பதறிந்து, ஆபத்தையும் அறிந்து, தாமாகச் சென்றவர்களும் உள்ளனரே என்பது அது. இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. சென்றவர் அனைவரும் வணிகப்படுத்தப்பட்டவர் என்று கூறுவது, வனக்குற்றத் தரப்பின் பொதுமைப்படுத்தலைத் தலைகீழாக்குவதே ஆகும். பாதிக்கப்பட்டவரின் இசைவு பொருட்டன்று எனச் சட்டம் கூறினும், வழிமுறைகளுள் ஒன்றேனும் நிறுவப்பட்ட பின்னரே அவ்விதி பொருந்தும். எனவே தேவைப்படுவது முன்முடிவு அன்று. ஒவ்வொருவர் நிலையிலும் விசாரணை. எங்கே, என்ன வேலை எனச் சொல்லப்பட்டதா, முன்பணம் எவ்வளவு, இடைவழியில் திரும்பிவர இயன்றதா, கூலி எவருக்குச் சேர்ந்தது என்பனவே அவ்விசாரணையின் வினாக்கள்.

அதிகார எல்லை குறித்து

சேசாசலம் ஆந்திரத்தில் இருப்பதால் வழக்கின் களமும் அங்கே என்று கருதப்படுகிறது. மனித வணிகக் குற்றமோ ஆளைச் சேர்க்கும் கணத்திலேயே நிறைவுறத்தக்கது. முன்பணம் சவ்வாது மலைக் கிராமத்தில் கைமாறியிருப்பின், அக்குற்றத்தின் களம் திருவண்ணாமலை மாவட்டமே. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அதனைச் செயல்படுத்தும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடமும் கண்காணிப்புக் குழுக்களிடமும் ஒப்படைக்கிறது. அதன் 15ஆம் பிரிவு மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர்மேல் வைக்கிறது. இந்தியாவெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை முன்பணத்தின் பொருட்டு இழப்பதும் அச்சட்டத்தின்படி கொத்தடிமையின் அடையாளமே. ஆந்திரச் சிறையிலிருப்பவரைப் பிணையில் எடுக்க முனையும் வழக்குரைஞருக்கும் குடும்பத்தினருக்கும், சொந்த மாவட்டத்திலேயே தொடங்கத்தக்க இச்சட்டவழி ஆய்வுகளால் சுட்டிக்காட்டப்படாதது பேரிழப்பு.

முடிவுரை

சந்தனக் கடத்தல் என்னும் பெயரால் 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி மக்கள்மீது நிகழ்த்தப்பட்ட கொடுமைக்கு, 2011இல்தான் விசாரணை நீதிமன்றத் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ‘கடத்தல்காரர்’ என்னும் பெயர் ஒரு மக்கள் திரள்மீது ஒட்டப்பட்டால் அதனை அகற்ற ஒரு தலைமுறை தேவைப்படுகிறது என்பதை அவ்வழக்கு உணர்த்துகிறது. சேசாசலம் குறித்த ஆய்வு அவ்வளவு காலம் காத்திருக்கலாகாது. முதல் தகவல் அறிக்கைகளையும் பிணை ஆணைகளையும் திரட்டி, அவற்றில் ஆள்சேர்த்தவரின் பெயர் எத்தனை இடங்களில் உள்ளது, எத்தனை இடங்களில் விடுபட்டுள்ளது என்று கணக்கிடுவது முதற்பணியாகலாம். வெட்டியவர் சிறையிலும் சேர்த்தவர் வெளியிலும் இருக்கும் நிலையைச் சட்டம் எவ்வாறு இயல்பாக்குகிறது என்பது அவ்விடுபடல்களிலிருந்தே புலப்படும்.