தூண்டிலில் இருந்தது யார்?

2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'த சோஷியல் டிலெமா'வைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். ஜெஃப் ஓர்லோவ்ஸ்கி இயக்கிய இந்த ஆவணப்படம் பாதி பேட்டி, பாதி கதை. கூகுள், ஃபேஸ்புக், ட்விட்டரில் வேலை பார்த்தவர்கள் தாங்கள் கட்டிய இயந்திரத்தைப் பற்றித் தாங்களே வாக்குமூலம் தருகிறார்கள். அதற்காகவே படத்தைப் பார்க்கலாம்.

எனக்குச் சிக்கல் கதைப் பகுதியில்தான். பென் என்கிற பையன் ஒரு வாரம் போனைத் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்கிறான். அல்காரிதத்தைக் கட்டுப்பாட்டு அறையில் நிற்கும் மூன்று ஆட்களாகக் காட்டுகிறார்கள். பென்னைத் திரும்ப இழுக்க அந்த மூவரும் கடைசியில் எதை அனுப்புகிறார்கள் தெரியுமா? அவனுடைய முன்னாள் காதலி பற்றிய செய்தியை. பையன் காலி.

"பார், எப்படி ஆட்டிவைக்கிறார்கள்!" என்கிறது படம். சரிதான். ஆனா தூண்டில்ல இருந்த புழு எதுன்னு பாருங்க. ஒரு மனுஷி. கையிலேயே இருந்த இந்த விடையைப் படம் கவனிக்கவில்லை. மூளை, போதை என்று பேசிவிட்டு, நோட்டிஃபிகேஷனை அணை, செயலியை அழி என்று தனியாளுக்கான யோசனைகளோடு முடித்துக்கொள்கிறது.

2023இல் லியோனார்டோ பர்ஸ்டினும் சக பொருளியலாளர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு வாரம் டிக்டாக் கணக்கை முடக்கி வைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். சராசரி 59 டாலர். கூடப் படிப்பவர்களும் சேர்ந்து முடக்கினால்? கணக்கு தலைகீழாகிவிட்டது. அது நடப்பதற்காகத் தாங்களே சராசரியாக 28 டாலர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இல்லாமலே போனால் நல்லது என்று நினைக்கிற இடத்தில்தான், மற்றவர்கள் இருப்பதால் இவர்களும் இருக்கிறார்கள்.

நானும் இரண்டு முறை கணக்கை மூடியவன். இரண்டாம் முறை மூடியிருந்தபோது நண்பர் ஒருவரின் அப்பா இறந்துபோனார். எனக்குத் தெரியவே நாலு நாள் ஆயிற்று. "போஸ்ட் போட்டிருந்தேனே, பாக்கலியா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரியே திரும்ப உள்ளே போய்விட்டேன். இதை 'அடிமைத்தனம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எப்படி வெளியேறுவது என்று படம் சொல்லித்தருகிறது. நாம் கிளம்பினால் கூட யார் வருவார்கள் என்று அது கேட்கவே இல்லை.