அழகரை நனைக்கும் துருத்தி

சித்திரா பௌர்ணமியை ஒட்டி, அழகர்மலையினின்றும் புறப்படும் கள்ளழகர் மதுரை மாநகரில் சஞ்சரிக்கும் அந்தச் சில தினங்களில், தல்லாகுளத்து எதிர்சேவையையும், தங்கக் குதிரை வைகையில் இறங்கும் கோலாகலத்தையும் வர்ணிக்கப் பலர் இருக்கிறார்கள். எனக்கோ, வர்ண உடை தரித்த பக்தர்களின் தோளில் தொங்கும் தோல் துருத்தியிடத்திலேதான் அலாதியான பிரேமை.

ஆட்டுத்தோலைப் பதப்படுத்திப் பையாக்கி, வாயை இறுகக் கட்டி, மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, நீர் நிரப்பி அமுக்கினால், வெள்ளிக் கம்பிபோல் சீறியெழும் அந்தத் தாரை, வெயிலில் வந்த பெருமாளையும் அவரைச் சூழ்ந்த ஜனத்திரளையும் பாரபட்சமின்றி நனைக்கிறது. ராமராயர் மண்டபத்தருகே இதன் வைபவத்தைக் காண வேண்டும். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரையும் மதுரைக்கு வரவழைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். கோடையைத் தேர்ந்தவர் அவர், அதற்குப் பரிகாரம் தேடியவர்கள் ஜனங்கள் போலும்!

தற்காலத்தில் சிலர் விசைப் பம்பினால் நீரைப் பீய்ச்சுகிறார்கள். அதில் வேகம் உண்டே தவிர, கையின் அழுத்தத்துக்கேற்ப நீண்டும் குறுகியும் விளையாடும் தாரையின் நளினம் கிடையாது. நேர்ந்துகொண்டு நீர் தெளிக்க வருவோர், தோல் துருத்தியையே ஏந்தி வர வேண்டுமென்பது என் விண்ணப்பம்.