வேலியில் தொங்கிய குழந்தை உடை

ஒன்பது கல் தொலைவுக்கு முள்வேலி. உள்ளே படைத்தளம், அங்கு வைக்கத் திட்டமிட்டவை 96 அணு ஏவுகணைகள். வெளியே, மரக்கிளைகளை வளைத்துப் பிளாஸ்டிக் தாள் போர்த்திய குடில்கள்; அவற்றில் பெண்கள். உள்ளே வரவிருந்த பேரழிவைக் கண்டு அஞ்சாத அரசு, வெளியே நின்ற குடிலைக் கண்டு அஞ்சிற்று! என்னே விந்தை!

இங்கிலாந்து நாட்டுக் கிரீன்ஹாம் காமனையே கூறுகிறோம். நம் புராணிகர் பாடும் காமன் அல்லன். ஊரார் ஆடுமாடு மேய்க்கும் பொதுநிலத்தை ஆங்கிலேயர் அச்சொல்லால் அழைப்பர். 1981 செப்டம்பரில் கார்டிப் நகரிலிருந்து நடந்தே அங்கு வந்தது ஒரு சிறு குழு. கேட்டது ஆட்சியை அன்று. ஏவுகணை பற்றி மக்கள் அறிய ஒரு விவாதம். அதுவும் மறுக்கப்பட்டது. தங்கினர். 1982 முதல் அது பெண்கள் மட்டுமே வாழும் பாசறையாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் 12இல் ஏறத்தாழ 30,000 பெண்கள் கைகோத்து வேலியைச் சூழ்ந்தனர். கம்பிகளில் குழந்தை உடைகளையும் புகைப்படங்களையும் கம்பளி நூலையும் கட்டினர். இரும்பின்மீது கம்பளி, கொலைக்கருவியின் முன் மழலையின் சட்டை! சொல்லில்லாக் கவிதை என்று அதனைப் போற்றியோர் பலர். கவிதை எனின், அது திறனாய்வுக்கும் உரியதே.

அக்காட்சியின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதனுள் மறைந்திருக்கும் ஒரு கருத்தை ஏற்க மனம் ஒப்பவில்லை. பெண் என்றால் தாய். தாய் என்றால் சாந்தம். எனவே அமைதி கேட்பது பெண்ணின் இயல்பு என்கிறது அக்கருத்து. இது பழைய விலங்குக்குப் பூட்டிய புதுப் பொன்முலாம் அன்றோ? பிள்ளை பெறாத பெண்ணுக்கு அணுகுண்டை எதிர்க்கும் உரிமை இல்லையா? “வீட்டையும் பிள்ளையையும் விட்டு இங்கென்ன வேலை?” என்று ஏசியோரும், தாய்மையைக் காட்டிப் போற்றியோரும் ஒரே ஏட்டைத்தான் புரட்டுகின்றனர். அந்நாட்டுப் பெண் விடுதலையாளர் சிலரும் அன்றே இக்குறையைச் சுட்டினர்.

தன் வாழ்விலிருந்து ஒருத்தி எடுத்த சின்னத்தை எள்ளுவது நம் நோக்கமன்று. சின்னம் வேறு, வாதம் வேறு என்பதே நாம் கூறுவது. பாசறையே அவ்வாதத்தைத் தாண்டி வளர்ந்தது. 1983 புத்தாண்டு விடியலில் 44 பெண்கள் வேலியேறி, ஏவுகணைக்கெனக் கட்டிய மேட்டின்மீது கைகோத்து ஆடினர். அது தாயின் கண்ணீர் அன்று, குடிமக்களின் உரிமைக்குரல்.

வெளியேற்றமும் இதையே மெய்ப்பித்தது. அமீனாக்கள் வந்தபோது தாயென்று வணங்கவில்லை. அத்துமீறியோர் என்றே அகற்றினர். குடில்களைப் பிடுங்கினர், அடுப்பை அவித்தனர். 1984 ஏப்ரலில் முதன்மை வாயிலின் பாசறையையே துடைத்தெறிந்தனர். பெண்கள் மீண்டும் வந்தனர். மீண்டும் கிளை வளைத்தனர். பிடுங்குவதே அரசின் பணி. நடுவதே அவர்களின் பணி!

முடிவில் வழக்குமன்றம் எதனைக் கண்டது? தாய்மையையா? இல்லை, பொதுநிலத்தை! 1985இல் பாதுகாப்பு அமைச்சர் இயற்றிய துணைவிதிகளின்படி பெண்கள் தண்டிக்கப்பட்டிருந்தனர். அவ்விதிகளுக்கு அடிப்படையான 1892ஆம் ஆண்டுச் சட்டமோ, பொதுநில உரிமைக்குக் கேடு செய்யலாகாது என்றது. எனவே விதிகள் செல்லா என்று 1990இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆடு மேய்ப்போரின் பழைய உரிமை, அணுகுண்டு காப்போரின் புதிய ஆணையை வென்றது.

ஏவுகணைகள் 1991இல் அகன்றன. அதற்கு 1987இல் அமெரிக்காவும் சோவியத் நாடும் செய்த ஒப்பந்தமே நேர்க்காரணம். எல்லாம் பாசறையால் விளைந்தது என்று மிகைபடக் கூறுவது பகுத்தறிவாகாது. ஆயினும் மறைவில் முடிந்திருக்க வேண்டிய செய்தியை ஊரறியச் செய்தவர் அவர்களே. 2000இல் பாசறை முடிந்தது. அதே ஆண்டில் அந்நிலம் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

குழந்தை உடை காற்றோடு போயிற்று. நின்றது எது? இந்நிலம் எமக்கும் உரியது என்ற சொல்! பெண்ணைத் தாயென்று போற்றுவதினும், குடியென்று மதிப்பதே உயர்வு. அம்மதிப்பைக் கெஞ்சிப் பெறவில்லை அவர்கள். குளிரிலும் சேற்றிலும் நின்று பெற்றனர்.