ஜோடியைத் தேடி நாடு மாறியவர்

2002 பிப்ரவரி, சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக். ஐஸ் டான்ஸ் பதக்க மேடையில் முதலிடம் பிரான்ஸின் மரினா அனிசினா – குவெண்டால் பெய்செரா ஜோடிக்கு. இரண்டாமிடம் ரஷ்யாவின் இரினா லோபச்சேவா – இலியா அவெர்புக் ஜோடிக்கு. அனிசினா பிறந்தது மாஸ்கோவில். இதே அவெர்புக்குடன் கைகோத்து 1990, 1992 ஆண்டுகளில் உலக ஜூனியர் பட்டத்தை வென்றவர் அவர். பிறகு அவெர்புக் லோபச்சேவாவுடன் சேர்ந்துகொள்ள, அனிசினா தனித்து நின்றார். பத்தாண்டு கழித்து, பழைய கூட்டாளியை முந்தினார், வேறொரு நாட்டின் கொடியின் கீழ்.

‘ரஷ்யா வளர்த்த பெண்ணை வைத்துப் பிரான்ஸ் தங்கம் எடுத்துக்கொண்டது’ என்று அன்று பேசியவர்கள் உண்டு. இன்றும் யாராவது நாடு மாறினால் அதே பேச்சு எழுகிறது. அனிசினாவின் ஆட்ட வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

ஆள் கிடைப்பதே அரிது

முதலில் இந்த விளையாட்டின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜோடி ஸ்கேட்டிங்கில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார், காற்றில் வீசுவார், அவர் சுழன்று இறங்குவார். ஐஸ் டான்ஸில் அந்தச் சாகசங்களுக்கு இடமில்லை. இங்கே நடுவர்களின் கண் பாதங்களில் இருக்கிறது. பிளேடின் எந்த விளிம்பில் சாய்கிறார்கள், எவ்வளவு ஆழமாகச் சாய்கிறார்கள், இருவரின் முழங்காலும் ஒரே அளவு மடிகிறதா, தாளம் பிசகாமல் எவ்வளவு நெருங்கி ஆடுகிறார்கள் என்பதே கணக்கு.

ஆகவே திறமைசாலிகள் இருவரைச் சேர்த்துவிட்டால் ஜோடி ஆகிவிடாது. உயரம் பொருந்த வேண்டும், காலடி நீளம் பொருந்த வேண்டும், இசையைக் கேட்கும் காது பொருந்த வேண்டும். பொருந்திய பிறகும் பல வருடம் சேர்ந்து பழக வேண்டும். அதிலும் இந்த ஆட்டத்துக்கு வரும் பையன்கள் பெண்களைவிட மிகக் குறைவு. ஆண் விலகிப் போனால் பெண்ணுக்கு உள்ளூரில் மாற்று ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. தேடல் எல்லை தாண்டுவது அப்படித்தான்.

அனிசினா விளையாட்டுக் குடும்பத்துப் பெண். தாய் இரினா செர்ன்யாயேவா 1972 ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங் ஆடியவர். தந்தை வியாசெஸ்லாவ் அனிசின் சோவியத் ஐஸ் ஹாக்கி அணிக்காக உலகப் பட்டம் வென்றவர். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவருக்கே, ஜோடி போனதும் மாஸ்கோவில் வழி அடைபட்டது. சோவியத் ஒன்றியம் அப்போதுதான் உடைந்திருந்தது. பயிற்சியாளர்களும் ஆட்டக்காரர்களும் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு ஆண் ஆட்டக்காரர்களைக் கவனித்து, தனக்குப் பொருந்துவார் என்று தோன்றிய பெய்செராவுக்குக் கடிதம் எழுதினார் அனிசினா. பெய்செராவும் அதே சமயம் தன் முதல் ஜோடியை இழந்திருந்தார். 1993-ல் லியோனில், முரியேல் பூஷே-ஸாஸுயியின் பயிற்சியில் இருவரும் சேர்ந்தார்கள். மறுவருடம் அனிசினா பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்.

ஒன்பது வருட உழைப்பு

விலைக்கு வாங்கிய வெற்றி என்றால் உடனே கிடைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் பதக்கம் கிடைக்க 1998 ஆனது. அதே ஆண்டு நகானோ ஒலிம்பிக்கில் வெண்கலம். உலகச் சாம்பியன்ஷிப்பில் 1998, 1999 இரண்டிலும் வெள்ளி. 2000-ல், பிரான்ஸின் நீஸ் நகரிலேயே, உலகப் பட்டம். 2001-ல் இத்தாலியின் ஃபுசார்-போலி – மார்கால்யோ ஜோடியிடம் அதைப் பறிகொடுத்து மறுபடி வெள்ளி. 2002 தொடக்கத்தில் ஐரோப்பியப் பட்டம், அடுத்த மாதம் ஒலிம்பிக் தங்கம். சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருடம்!

அந்த ஒன்பது வருடத்தில் உருவான ஆட்டம் மாஸ்கோவில் இருந்ததும் இல்லை, லியோனில் இருந்ததும் இல்லை. ரஷ்யப் பள்ளியின் நிமிர்ந்த முதுகையும் ஆழமான முழங்கால் மடிப்பையும் அனிசினா கொண்டுவந்தார். நாடகத் தன்மையும் துணிச்சலான கருப்பொருளும் பிரெஞ்சு ஐஸ் டான்ஸுக்கு ஏற்கெனவே பழக்கம். இஸபெல் – பால் டுஷ்னே என்ற அண்ணன் தங்கை 1991-ல் பிரான்ஸுக்கு உலகப் பட்டம் வாங்கித் தந்தது அந்தப் பாணியில்தான். அவர்களும் கனடாவிலிருந்து வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டும் கலந்ததில் பிறந்ததுதான் இந்த ஜோடியின் தனி அடையாளம்: பெண் ஆணைத் தூக்குவது. ஆண் தாங்க, பெண் மலர வேண்டும் என்றிருந்த மரபை அனிசினா தன் தோளிலும் இடுப்பிலும் பெய்செராவைச் சுமந்து திருப்பிப் போட்டார். எடை எங்கே விழுகிறது, பிளேடு எந்தக் கணத்தில் எந்த விளிம்பில் இருக்கிறது என்று இருவருக்கும் துல்லியமாகத் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. இதைக் காசு கொடுத்து இறக்குமதி செய்ய வழியே இல்லை.

ஐந்தில் மூன்று

சால்ட் லேக் முடிவுப் பட்டியலை முழுதாகப் படித்தால் இன்னொன்று தெரியும். நான்காமிடம் பெற்ற கனடாவின் விக்டர் கிராட்ஸ் பெர்லினில் பிறந்தவர். ஐந்தாமிடம் பெற்ற லிதுவேனியாவின் மார்கரிட்டா ட்ரோபியாஸ்கோ மாஸ்கோவில் பிறந்தவர். முதல் ஐந்து ஜோடிகளில் மூன்றில், தான் பிறந்த நாட்டுக்கு ஆடாத ஒருவர் இருந்தார். அனிசினா விதிவிலக்கு இல்லை; இந்த விளையாட்டு இயங்குவதே இப்படித்தான்.

அதனால் விளையாட்டுக்கு லாபம்தான். 1976-ல் ஐஸ் டான்ஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து 1998 வரை ஏழு தங்கங்கள். அவற்றில் ஆறு சோவியத், அதன்பின் வந்த ஒருங்கிணைந்த அணி, ரஷ்யா என்ற ஒரே மரபுக்குப் போயின. இடையே 1984-ல் பிரிட்டனின் டார்வில் – டீன் மட்டுமே அந்தச் சங்கிலியை அறுத்தார்கள். இரண்டாவது முறை அறுத்தது பிரான்ஸ். அறிவும் ஆட்களும் இடம் மாறாவிட்டால் அது நடந்திருக்காது.

சால்ட் லேக் என்றதும் நடுவர் ஊழல் நினைவுக்கு வரும். அதைத் தாண்டிப் போவது நியாயமில்லை. ஜோடி ஸ்கேட்டிங்கில் ரஷ்யர்களுக்குப் பிரெஞ்சு நடுவர் வாக்களிப்பது, பதிலுக்கு ஐஸ் டான்ஸில் பிரான்ஸுக்கு ஆதரவு என்று பேரம் நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நடுவர் மாரி-ரெய்ன் லெ கூன், பிரெஞ்சுச் சம்மேளனத் தலைவர் தித்யே கயாகே இருவருக்கும் மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஜோடி ஸ்கேட்டிங்கில் கனடியர்களுக்கும் தங்கம் தரப்பட்டது. ஆறு மதிப்பெண் முறையே பின்னர் ஒழிந்தது. ஐஸ் டான்ஸ் முடிவு மட்டும் மாறவில்லை. அந்த நிழல் அனிசினாவின் தங்கத்தின் மேல் விழுந்ததை மறுக்க முடியாது. ஆனால் 2001 உலகப் போட்டியிலும், ஒலிம்பிக்குக்கு முந்தைய மாதம் நடந்த ஐரோப்பியப் போட்டியிலும் இதே பிரெஞ்சு ஜோடி இதே ரஷ்ய ஜோடிக்கு மேலே இருந்தது. வானத்திலிருந்து விழுந்த தங்கம் இல்லை அது.

பாஸ்போர்ட் என்னும் நடுவர்

நாடு மாறுகிறவர்களுக்கு உண்மையான சோதனை ஒலிம்பிக் விதியில் இருக்கிறது. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜோடியில் ஒருவர் அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். உலகப் போட்டியில் ஒரு நாட்டுக்கு ஆடத் தகுதி பெற்றவர், ஒலிம்பிக் வந்ததும் அன்னியர் ஆகிவிடுகிறார்.

கனடாவில் பிறந்த டனித் பெல்பின் 1998 முதல் அமெரிக்கரான பென் அகோஸ்டோவுடன் ஆடினார். 2005-ல் உலக வெள்ளி வென்றும் குடியுரிமை வரவில்லை. கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் வழி செய்தது. 2005 டிசம்பர் 31-ல் அவர் குடிமகள் ஆனார். சில வாரங்களில் டூரின் ஒலிம்பிக்கில் வெள்ளி. முப்பதாண்டுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு ஐஸ் டான்ஸில் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

இன்னொரு கனடியர் லோரான்ஸ் ஃபூர்னியே போத்ரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நிகோலாய் சோரன்சனுடன் டென்மார்க்குக்காக ஆடியவர், டேனிஷ் குடியுரிமை கிடைக்காததால் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கை இழந்தார். திறமையில் குறை இருந்து தடுக்கப்படவில்லை. ஒரு நாடு சட்டத்தை வளைத்தது, மற்றொரு நாடு வளைக்கவில்லை, அவ்வளவே.

விதியைத் தளர்த்தினால் பணக்கார நாடுகள் ஆட்களை வளைத்துப் போடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் இன்றைய விதியில்தான் மெய்யாகிறது. செல்வாக்குள்ள அரசு நினைத்தால் ஒரே நாளில் பாஸ்போர்ட் தந்துவிடலாம். சிறிய நாடு தன் சட்டத்தை மதித்தால் தன் ஆட்டக்காரரை இழக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி செய்ய வேண்டியது எளிது. ஜோடியில் ஒருவர் குடிமகனாக இருந்து, இருவரும் தொடர்ந்து மூன்று வருடம் அதே நாட்டுக்காக உலகச் சாம்பியன்ஷிப் ஆடியிருந்தால் ஒலிம்பிக்கில் இடம் கொடுங்கள். கடைசி நேரத்தில் ஆள் பிடிப்பவர்களை அந்த மூன்று வருடம் தடுக்கும். உழைத்தவர்களை உள்ளே விடும். உடன் ஆடிய வருடங்களை வைத்து அளந்தால், அனிசினாவின் தங்கம் பிரான்ஸுக்கே உரியது.