பழைய தண்டர்பேர்ட் 350: எஞ்சினைப் பிரிக்கும் முன்

ராயல் என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் 350-இன் உற்பத்தி 2020-இல் நின்றது. பிஎஸ்6 விதிகள் வந்ததும் அதற்கு விடை கொடுத்துவிட்டு, அந்த ஆண்டு நவம்பரில் மீட்டியோர் 350-ஐ இறக்கினார்கள். ஆனாலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் தண்டர்பேர்டுக்கு மவுசு குறையவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து நீண்ட தூரம் போக ஒரு க்ரூஸர் வேண்டும், கையிலோ அதிகப் பணம் இல்லை என்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். வாங்கிய சில மாதங்களில் ஒருநாள் வண்டி கிளம்ப மறுக்கும், அல்லது புதிதாக ஒரு சத்தம் கேட்கும். "எஞ்சினை இறக்கிப் பார்த்துடலாம் சார்" என்பார் மெக்கானிக். அதற்குத் தலையாட்டும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டரி, பெட்ரோல், செயின் இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலான தொந்தரவுகள் அங்கேயே பிடிபட்டுவிடும். பிரிக்கத் தேவையில்லாத எஞ்சினைப் பிரிப்பது பணத்துக்கு மட்டும் கேடில்லை. கம்பெனியில் பொருத்திய கேஸ்கெட்டும் போல்ட்டும் ஒருமுறை கலைந்தால் பழைய இறுக்கம் எளிதில் திரும்பாது.

முதலில் வண்டியைப் பற்றி. தண்டர்பேர்ட் என்ற பெயர் 2002-இல் வந்தது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எஞ்சின் அப்போது அதில் இருந்தது. 2008-இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த யூசிஇ எஞ்சினுக்கு மாறினார்கள். இன்று சந்தையில் அதிகம் கிடைப்பது 2012-இல் வந்த வடிவம்: 20 லிட்டர் டேங்க், புரொஜெக்டர் ஹெட்லைட், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். 346 சிசி எஞ்சினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. இந்த இரண்டு எண்களிலேயே வண்டியின் குணம் இருக்கிறது. பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்குவதால் குறைந்த வேகச் சுழற்சியிலேயே இழுவை வந்துவிடும். அதே காரணத்தால் சுழற்சி கூடினால் அதிர்வும் கூடும்.

நண்பர் ஒருவர் பேணிப் பாதுகாத்து வைத்திருக்கும் வண்டியைச் சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வரை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது கியரில் 70-இலிருந்து 80 கி.மீ. வேகத்துக்குள் இந்த வண்டிக்கு இணையான சுகம் இதன் விலையில் வேறெதிலும் இல்லை. அந்த கியரிலேயே 50-க்கு இறங்கி, திணறாமல் மறுபடி ஏறுகிறது. 90-ஐத் தாண்டினால் ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் கூச்சம் தொடங்குகிறது. அதற்கு மேல் விரட்டுபவர்களுக்கு இந்த வண்டி வேண்டாம். 192 கிலோ எடை ஓடும்போது தெரிவதில்லை. பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளும்போது நன்றாகவே தெரியும்.

இனி தொந்தரவுகளுக்கு வருவோம். இந்த எஞ்சினில் எல்லாரும் பயப்படும் பாகம் ஸ்ப்ராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை கிராங்க்குக்குக் கடத்துவதும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மோட்டாரை விடுவிப்பதும் அதன் வேலை. ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் சுற்றினால் நழுவும். அது தேய்ந்தால் செல்ஃப் மோட்டார் மட்டும் "விர்ர்" என்று சுற்றும், எஞ்சின் அசையாது. சில சமயம் இரும்பில் இரும்பு மோதுவது போல "டங்" என்று ஓர் அடி விழும். இதை மாற்ற எஞ்சினின் இடப்பக்க மூடியைத் திறந்தாக வேண்டும். செலவும் வைக்கும்.

ஆனால் ஸ்ப்ராக் தானாகக் கெடுவதைவிட பாட்டரியால் கெடுவதுதான் அதிகம். பிளக் தீப்பொறி விடுவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால். பாட்டரி வலுவாக இருந்தால் மோட்டார் பிஸ்டனை உச்சியைத் தாண்டி இழுத்துப் போய்விடும். வலு குறைந்த பாட்டரியால் அது முடியாது. தீப்பொறி பட்டதும் பிஸ்டன் எதிர்த்திசையில் உதைக்கும், அந்த உதை முழுவதும் ஸ்ப்ராக்கின் மேல் விழும். காலையில் வண்டி கிளம்பவில்லை என்று செல்ஃப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதுதான் இதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். அதற்கென்றே ஒரு கிக்கர் கொடுத்திருக்கிறார்கள். பாட்டரி சோர்ந்திருப்பதாகத் தோன்றினால் காலைப் பயன்படுத்துங்கள்.

பாட்டரியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவே தேவையில்லை, அளந்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பாட்டரி நலம். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே சரிந்தால் அதன் காலம் முடியப் போகிறது. எஞ்சின் ஓடும்போது, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5-இலிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். அங்கே 12.5-லேயே நின்றால் குற்றம் பாட்டரியில் இல்லை. ரெகுலேட்டரோ, சார்ஜ் காயிலோ, இடையில் கருகிய கனெக்டரோ சரியில்லை. இதைப் பார்க்காமல் புதுப் பாட்டரி போட்டால் அதுவும் சில வாரங்களில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினாலும் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும், அது பாட்டரியை வேகவைத்துவிடும்.

பட்டனை அழுத்தும்போது வரும் சத்தத்தையும் கவனியுங்கள். ஒரே ஒரு "டக்" என்றால் ரிலே வேலை செய்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை. பாட்டரி டெர்மினலையும், எஞ்சினில் எர்த் வயர் பிடித்திருக்கும் போல்ட்டையும் கழற்றிச் சுரண்டி மாட்டிப் பாருங்கள். "கடகட" என்று தொடர்ந்து அடித்தால் பாட்டரி காலி. சத்தமே இல்லையா? கில் ஸ்விட்சைப் பாருங்கள், பிறகு ஃபியூஸ்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது பெட்ரோல். 350-இல் இருப்பது கார்புரேட்டர். சோக் இழுத்தால் ஓடி, விட்டால் நின்றுபோகும் வண்டியில் பெரும்பாலும் பைலட் ஜெட் அடைத்திருக்கும். ஐட்லிங்கில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் அந்த ஓட்டை ஊசிமுனை அளவுதான். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போலப் படிந்து அதை மூடிவிடும். கழற்றி கிளீனர் அடித்தால் போதும். கம்பி விட்டுக் குத்துபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஓட்டை ஒரு முடியளவு பெரிதானாலும் ட்யூனிங் நிரந்தரமாகக் கெட்டுவிடும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் டேங்க்கின் அடியிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் தங்கும். வண்டியை நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

பலரை அலைக்கழிக்கும் இன்னொன்று: வண்டி நன்றாகக் கிளம்பும், பதினைந்து இருபது நிமிடம் ஓடும், பிறகு திணறி நிற்கும். சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடும். எஞ்சின் சூடு என்றும், காயில் என்றும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்கும் அளவுக்கு டேங்க்குக்குள் காற்று போகாததால் ஓட்டம் நின்றிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது, ஒரு பைசா செலவில்லை.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றொன்றில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் குறை மறைந்துவிடும். மைலேஜ் குறைகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை என்றால் இரண்டையும் கழற்றி முனையின் நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம் போகிறது. அப்போது கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

டேப்பட் சத்தம் தனிக்கதை. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் டேப்பட்டை ஸ்பேனர் கொண்டு சரிசெய்து பழகிய மெக்கானிக்குகள் இங்கே நிறையப் பேர். அவர்களுடைய காது மிகக் கூர்மையானது, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் யூசிஇ எஞ்சினில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். எண்ணெய் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், வெளியிலிருந்து திருகுவதற்கு ஒன்றுமில்லை. காலையில் கிளம்பியதும் சில நொடிகள் "டிக் டிக்" கேட்பது இயல்பு. எண்ணெய் மேலே ஏறியதும் அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால் முதல் சந்தேகம் எண்ணெயின் மேல்தான் விழ வேண்டும். எஞ்சினின் வலப்பக்கத்தில் வட்டக் கண்ணாடி இருக்கிறது. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, எண்ணெய் வடிய நேரம் கொடுத்து அதில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். 15டபிள்யூ-50 தரம் வேண்டும். எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதால் கார் எண்ணெய் கூடவே கூடாது. அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் கிளட்ச் பிளேட்டை வழுக்கச் செய்யும்.

கிளட்ச்சில் குறை இரண்டு விதம். ஆக்சிலரேட்டரை முறுக்க எஞ்சின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. சூடானதும் நியூட்ரல் விழ மறுக்கிறது, முதல் கியர் "டக்" என்று அடிக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இரண்டுக்கும் முதலில் கேபிளைப் பாருங்கள். லீவரில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். இந்த வண்டியின் கிளட்ச் கொஞ்சம் கனம், லீவர் முனையில் கேபிள் இழை இழையாக அறுந்துகொண்டு வரும். தூரப் பயணம் போகிறவர்கள் இன்னொரு கேபிளைப் பழையதன் கூடவே ஓடவிட்டு டேப் சுற்றி வைத்திருப்பார்கள். நல்ல பழக்கம்.

செயினுக்கு வருவோம். ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடும்போது பின்னால் "தடக்" என்று இடித்தால் கியர்பாக்ஸ் போச்சு என்று பயப்பட வேண்டாம். செயினின் அடிப்பக்க நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். 25-இலிருந்து 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு என்றால் செயின் சீரற்று நீண்டுவிட்டது. ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்தே மாற்ற வேண்டும். செயின் சரியாக இருந்தும் இடி தொடர்ந்தால் பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பர் நசுங்கியிருக்கும். அது விலை குறைந்த சாமான்.

ஹேண்டில் ஆடுவதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது "கடக்" என்றால் தளர்ந்திருக்கிறது. ஸ்போக் வீல் வண்டிகளில் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். மற்றவை கணீரென்று ஒலிக்கும்போது ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்த கம்பி. பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

மாற்று சைலன்சர் பற்றி ஒரு வார்த்தை. வேகத்தைக் குறைக்கும்போது பட்டாசு வெடிக்கிறது என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கம்பெனி சைலன்சருக்கு ஏற்ப அமைத்த கார்புரேட்டர், திறந்த குழாயோடு ஒத்துப்போகாது. கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும், பெண்ட் பைப் நீலம் பாயும். தெருவில் தூங்கும் குழந்தைகளையும் முதியவர்களையும் எண்ணிப் பார்த்தாலே அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். எஞ்சினுக்கும் அது கேடுதான்.

மீட்டியோர் 350-இல் பேலன்ஸர் ஷாஃப்ட் உண்டு, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உண்டு. ஓட்ட அது மேலான வண்டி, சந்தேகமில்லை. ஆனால் அதில் கிக்கர் கிடையாது, சென்சார் கோளாறைப் பார்க்க ஸ்கேனர் வேண்டும். ஒரு ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர் இவற்றோடு சாலையோரத்திலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட முடிகிற கடைசித் தலைமுறை வண்டிகளில் தண்டர்பேர்ட் ஒன்று. தன் வண்டியைத் தானே புரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் காலையிலேயே போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஸ்ப்ராக்கும் டேப்பட்டும் பைலட் ஜெட்டும் தங்கள் குறையைக் காட்டுவது முதல் ஸ்டார்ட்டில்தான். முதலில் கிக்கரில் கிளப்புங்கள், அணைத்துவிட்டு செல்ஃபில் கிளப்புங்கள், ஓடும்போது வோல்ட் பாருங்கள். செயின் செட், கோன் செட், கேபிள், பாட்டரி எது தேய்ந்திருந்தாலும் விலையில் கழித்துக்கொள்ளலாம். செல்ஃப் அடிக்கும்போது "டங்" விழுந்தால் ஸ்ப்ராக் மாற்றும் செலவை முழுதாகக் கழித்துக் கேளுங்கள். சேஸிஸ் நம்பரும் ஆர்சி புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.