நைந்த தோலின் சாட்சியம்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோலைத் தரம் பிரிப்பவரிடம் பதனிட்ட தோல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மயிர்க்கால்களின் அமைப்பைக் கண்டதுமே வெள்ளாடா, செம்மறியா என்று சொல்லிவிடுவார். அதே தோல் ஈராயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்து நைந்திருந்தால்? மயிர்க்கால் ஏது? நுண்ணோக்கியும் பல வேளைகளில் கைவிட்டுவிடும். அகழ்வாய்வில் பொன்னுக்குக் கிடைக்கும் மதிப்பு தோல் துணுக்குக்குக் கிடைக்காததில் வியப்பில்லை.

2023 டிசம்பரில் ‘பிளாஸ் ஒன்’ ஏட்டில் லூயிசே பிராண்ட் குழுவினர் வெளியிட்ட கட்டுரை இத்துணுக்குகளைப் பேச வைக்கிறது. தெற்கு உக்ரைனில் 14 இடங்களில், சிதியர் என்னும் பண்டைய நாடோடி மக்களின் 18 புதைகுழிகளிலிருந்து 45 தோல் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். தோலின் முதன்மைப் புரதம் கொல்லாஜன். அதை டிரிப்சின் என்ற நொதியால் துண்டுகளாக்கி, துண்டுகளின் நிறையை அளந்தால் விலங்குக்கு விலங்கு வேறுபாடு புலப்படும். டி.என்.ஏ.வை நாடலாமே என்பீர்கள். சுண்ணாம்பும் பட்டைச் சாறும் அதைச் சிதைத்துவிடும். கொல்லாஜனையோ பதனிடுதல் உறுதியாக்குகிறது.

பெரும்பாலும் ஆடு, மாடு, குதிரை. இரண்டு மட்டும் மனிதத் தோல்! பகைவரின் தோலைச் சிதியர் அம்பறாத்தூணிக்குப் போர்த்தினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருந்தார். செய்தித்தாள்கள் இதையே பிடித்துக்கொண்டன. எனக்கென்னவோ ஆட்டுத்தோல் செய்திதான் பெரிதாகப் படுகிறது. மந்தையோடு அலைந்தவர்கள் தம் கால்நடைகளின் தோலைக் கொண்டே தேவையைச் சமாளித்திருக்கிறார்கள்.

ஆனால், சிதியரிடம் தேர்ந்த தோல் தொழில்நுட்பம் இருந்தது என்று கட்டுரையாளர்கள் சொல்லுமிடத்தில் நாம் சற்றுத் தயங்க வேண்டும். எந்த விலங்கு என்பதைப் புரதம் சொல்லும். எப்படிப் பதனிட்டார்கள், மரப்பட்டையாலா, கொழுப்பாலா, புகையாலா என்பதைச் சொல்லாது. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளைப் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அதற்குத் தனி வேதிச் சோதனை வேண்டும்.

இன்னொன்று. ‘மனிதன்’ என்பதோடு புரதத்தின் சாட்சியம் முடிகிறது. ‘பகைவன்’ என்பது ஹெரடோட்டசின் சொல். பகைவனோ, உறவினனோ, அடிமையோ, யார் கண்டது? டி.என்.ஏ. கிடைத்தால் ஆணா பெண்ணா என்றாவது கேட்கலாம்; பதனிட்ட தோலில் அது அரிதாகவே பிழைக்கிறது.