அணங்கும் அழகும்: கொல்லிப்பாவையும் கோத் கலைமரபும்

அச்சத்தை எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களன் நான்கனுள் அணங்கினை முதற்கண் நிறுத்தினார். விலங்கும் கள்வரும் தம் இறையும் அதன் பின்னரே வருவன. இம்முறைவைப்பு கருதத்தக்கது. ஏனை மூன்றும் கண்டாரை ஓடச் செய்வன; அணங்கோ அஞ்சியாரையும் அகலவிடாது நிறுத்துவது. திருக்குறட் காமத்துப்பாலின் முதல் அதிகாரம் தகையணங்குறுத்தல் எனப் பெயர் பெற்றமையும் இக்கருத்துப் பற்றியே. அச்சமும் அழகும் ஓரிடத்து உறைதல் தமிழர்க்குப் புதிதன்று.

இதற்குத் தலையாய சான்று கொல்லிப்பாவை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பைல் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பெற்றது. இந்நாடுகளுக்கெல்லாம் பொதுவாய்ப் பழம்பெரும் புகழ் தருவது அப்பாவையே. அதனை இயற்றியது யார்? நற்றிணை (192) பூதம் என்கின்றது; பரணர் குறுந்தொகையில் (89) கரிய கண்ணையுடைய தெய்வம் என்கின்றார்; கல்லாடனார் அகநானூற்றில் (209) நிலைபெற்ற கடவுள் என்கின்றார். மூன்று பாட்டும் மூவரைக் கூறினும், இயற்றியது மனிதக்கை அன்று என்பதில் மாறுபாடில்லை. காற்று மோதினும், இடி எறியினும், நிலமே பெயரினும் அதன் திருநலம் கெடாது என்று பரணர் மற்றோரிடத்துப் (நற். 201) பாடுவர். நகைத்துக் கொல்லும் என்னும் கதை பிற்காலத்தார் விரித்துரைப்பது. சங்கச் செய்யுட்களில் பாவை பெரும்பாலும் தலைவியின் அழகுக்கே உவமையாயிற்று. எனினும் அவ்வழகு நிற்கும் மலையைப் பரணர் பேஎம் முதிர்ந்ததாகவே காட்டுகின்றார். பேஎம் என்பது அச்சம். இவ்வச்சத்தை நீக்கிவிட்டுப் பாவையை வெறும் எழிற்சிலையாகக் கொள்வார் உவமையிற் பாதியை இழக்கின்றனர் என்பது எம் கருத்து.

இச்சுவையைத் தம் வாழ்க்கைக் கோலமாகவே கொண்ட ஓர் இளையோர் கூட்டம் மேலைநாட்டில் உண்டு. அதனைக் கோத் என்பர். உரோமை நகரை 410-இல் சூறையாடிய கோத்தியரின் பெயர், பின் இடைக்காலக் கோயிற் கட்டடக்கலைக்கு இகழ்ச்சிப் பெயராயிற்று. ஓரேசு வால்போல் தம் ஒட்ராண்டோக் கோட்டைக் கதையின் இரண்டாம் பதிப்பை (1765) கோதிக் கதை என வழங்கியபின் இலக்கிய வகைப்பெயராயிற்று. இசைக்கு அப்பெயர் நிலைத்தது 1970-களின் இறுதியை ஒட்டியே. நார்த்தாம்டன் நகரத்துப் பௌஹாஸ் குழுவினர் 1979-இல் வெளியிட்ட ‘பேலா லுகோசிஸ் டெட்’ என்னும் பாட்டு ஒன்பது நிமிடத்திற்கும் மேற்பட்டது. இரத்தம் குடிக்கும் டிராகுலாவாகத் திரைப்படத்தில் (1931) நடித்த நடிகரின் சாவைப் பாடுவது. இதில் ஒரு குறுநகையும் உண்டு. கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் கூழ் அடும் பகுதியைச் சுவைத்தார்க்கு அந்நகை விளங்கும். அப்பகுதியைக் கருணாகரன் வீரத்திற்கு வெறும் பின்புலம் எனத் தள்ளுவார் சயங்கொண்டாரை முழுதும் அறியாதவரே.

இசை பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கோத் இசையிற் பெரும்பாலும் கீழ்ச்சுருதிக் கிதார் முன்னிற்கும். குரல் தாழ்ந்து ஒலிக்கும். முழவு ஒரே நடையில் மீள மீள வரும். 1976-இல் இலண்டனில் தோன்றிய சூசி அண்டு தி பான்ஷீஸ் குழுவின் பெயரிலுள்ள பான்ஷீ, சாவை முன்னறிந்து ஓலமிடும் அயர்லாந்துப் பெண்ணணங்கு. நம்மிடத்து விளரி இரங்கற்பண். புறநானூற்றில் (291) ஒருத்தி, களத்தில் வீழ்ந்தானை அணுகும் நரியை விளரியால் ஓட்டுவேன் என்கின்றாள். இழவோடு பிறந்த இசை ஆங்குக் காவலும் ஆகின்றது. காரைக்காலம்மையாரோ திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்திற் சுடுகாட்டையே இசையரங்கு ஆக்கினார். துத்தம், விளரி, தாரம் முதலிய நரம்புகளையும், குடமுழா, வீணை, கொக்கரை, தக்கை முதலிய கருவிகளையும் பிணம் எரியும் காட்டில் அவர் நிரல்படுத்துகின்றார். இப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடையிலும் இந்தளத்திலும் பண் வகுக்கப்பெற்றவை. அச்சச்சுவையை இசையொடு இத்துணை நெருக்கமாகப் பிணைத்த பாட்டு வேறு யாம் கண்டிலேம்.

கோலத்தில்தான் இரு மரபும் வேறுபடுகின்றன. விக்டோரியா அரசியார் கணவர் இறந்த 1861 முதல் தாம் இறந்த 1901 வரை கருப்புடையே அணிந்தார்; அக்காலத் துயர்க்கோலத்திற்கு விட்பி ஊரின் ஜெட் என்னும் கரிய மணியும் அணியாயிற்று. கோத் இளைஞர் அக்கருந்துகிலையும் பின்னலாடையையும் எடுத்துக்கொண்டு, வெண்பொடி பூசிய முகத்திற் கண்ணைச் சுற்றி மையெழுதினர். டிராகுலா கரையேறியதாகப் பிராம் சுடோக்கர் (1897) புனைந்த அதே விட்பியில் 1994 முதல் அவர்கள் விழாக் கூடிவருகின்றனர். அவர்க்குத் துயரம் அணியாகின்றது. தமிழர் கைம்மைக்கோலமோ அணி களைவது. அம்மையார் அணியோடு நில்லாது ஊனையே உதறினார். நியூயார்க்குப் பெருநகரக் கலைக்கூடத்திலுள்ள சோழர் காலச் செப்புத்திருமேனி, வற்றிய உடம்பினராய்த் தாளம் ஏந்தி அமர்ந்த அவரைக் காட்டுகின்றது. எலும்பின் வரை அத்தனையும் தெரிகின்றது. முகத்தில் மகிழ்ச்சியும் தெரிகின்றது. ஒன்று சேர்த்து அடையும் கோலம், மற்றொன்று இழந்து அடையும் கோலம். இவ்விரண்டும் ஒன்றே என்று கூறுதல் பிழையாம். ஆயினும் பிறர் அருவருக்கும் வடிவினைத் தாமே விரும்பி ஏற்றமையில் இருவரும் ஒப்பர்.

அவ்வடிவு கண்டோர் செய்ததும் எண்ணத்தக்கது. பேய்வடிவுற்ற அம்மையாரைக் கண்டவர் அஞ்சி அகன்றனர் என்பர் சேக்கிழார். இங்கிலாந்துப் பாக்கப் நகரப் பூங்காவில் 2007-இல் இருபது வயது மங்கை ஒருத்தியை அவளது கோத் கோலம் பற்றியே இளைஞர் சிலர் தாக்கினர், அவள் உயிர்நீத்தாள். 2013-இல் மான்செசுடர்ப் பெருநகரக் காவல்துறை இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கிற்று. கோலத்தைக் கண்டு நகைப்பதற்கும் கல்லெடுப்பதற்கும் இடைவெளி சிறிது. கருப்புடுத்த தமிழ் இளைஞரை மேலைநாட்டுப் போலி எனத் தள்ளும் நம்மவரும் இதனை எண்ணுதல் நன்று.

மேற்காட்டிய குறுந்தொகைப் பாட்டின் சூழலும் இதுவே. கொல்லிப்பாவை அன்ன பெண் ஒருத்தி வள்ளை பாடி உரலிற் குற்றுகின்றாள். அயலார் அதனைத் தூற்றுகின்றனர். அவள் பாடுவதனால் இப்பேதை ஊர்க்கு என்ன அழிவு நேர்ந்தது என்று தோழி வினவுகின்றாள். ஊரார் விடை எதுவும் அப்பாட்டில் இல்லை.